சித்தன்னவாசல் குளத்து எருமை

புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே பதினாறு கிலோமீட்டர் போனால் சித்தன்னவாசல். குன்றைக் குடைந்து எடுத்த சமணக் கோயிலுக்குள் நுழைந்ததும் எல்லோரும் தேடுவது தூணில் ஆடும் நடன மங்கையரைத்தான். கொஞ்சம் அண்ணாந்து விதானத்தைப் பார்த்தால் அங்கே ஒரு தாமரைக் குளம். இலையும் தண்டும் மொட்டுமாகத் தாமரை மண்டிக் கிடக்கிறது. மீன்கள் திரிகின்றன, அன்னங்கள் நீந்துகின்றன, யானைகள் இறங்கியிருக்கின்றன. மூன்று பேர் பூப்பறிக்கிறார்கள். இவர்களோடு சரிசமமாக, குளத்தில் தங்களுக்கும் பங்குண்டு என்ற உரிமையோடு, எருமைகள்.

சமண மரபில் இது சாதாரணக் குளமல்ல. தீர்த்தங்கரரின் உபதேசம் கேட்கப் போகும் நல்லுயிர்கள் வழியில் நீராடிச் செல்லும் நீர்நிலை. சமவசரணத்தின் ஒரு பகுதி. ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. ஓவியங்கள் இருப்பதை 1916-இல் வெளியுலகுக்குச் சொன்னவர் புதுக்கோட்டை வரலாற்றை எழுதிய எஸ். ராதாகிருஷ்ண ஐயர். அவ்வளவு புனிதமான குளத்தை வரைய வந்தவர் எருமையைக் கரையேற்றிவிடவில்லை. இந்த மண்ணில் அவர் பார்த்து வளர்ந்த குளம் எதிலும் எருமை இல்லாமல் இருந்திருக்காது.

இதே மாவட்டத்தில் இன்னொரு எருமையும் உண்டு. குளத்தூர் வட்டத்து மலையடிப்பட்டியில், பல்லவன் தந்திவர்மன் காலத்துக் குடைவரைச் சிவன் கோயிலில், மகிடாசுரனோடு போர் புரியும் துர்க்கையின் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. எருமைத் தலை மேல் நிற்கும் கொற்றவையைச் சிலப்பதிகாரமும் அறியும். எமனுக்கும் எருமையே வாகனம். வதைபடும் எருமையும் சாவைச் சுமந்து வரும் எருமையும் மக்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்தன. குளத்தில் அமிழ்ந்து கிடக்கும் எருமையோ, மருதத் திணையின் கருப்பொருளாக இருந்தும், மெல்ல மெல்ல மறக்கப்பட்டது. "எருமை மாடு" என்றால் வசை. மழை பெய்தாலும் அசையாது என்றால் அது சோம்பேறித்தனத்துக்கு உவமை. எருமைப் பால் குடித்தால் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்ற நம்பிக்கை பல வீடுகளில் இன்னும் உண்டு. ஆதாரமில்லாத இந்தப் பேச்சுகள் ஒரு கால்நடையின் விலையையும் வாழ்வையும் தீர்மானிக்கின்றன என்பதுதான் வேதனை.

வேதனை வெறும் உணர்ச்சியல்ல, எண்ணிக்கையிலேயே தெரிகிறது. 1997 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 27 லட்சத்துக்கும் மேற்பட்ட எருமைகள் இருந்தன. 2012-இல் அது சுமார் 7.8 லட்சம். 2019-இல் நடந்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 5.2 லட்சம். அதே ஏழு ஆண்டுகளில் நாடு முழுவதும் எருமைகள் குறையவில்லை. ஒரு விழுக்காடு கூடி, 10.98 கோடியாயின. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் எருமை வீட்டின் முதல் சொத்து. தமிழ்நாட்டிலோ மூன்றில் ஒரு பங்கு ஏழே ஆண்டில் காணாமல் போனது. இந்த அளவுக்குப் புலியோ யானையோ குறைந்திருந்தால் சட்டமன்றம் அதிர்ந்திருக்கும்.

ஏன் போனது என்று கேட்டால் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் பேச வேண்டும்.

எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் பசுவை விட மிகக் குறைவு. தோல் கறுப்பு, மயிர் அடர்த்தியில்லை. சித்திரை வெயிலை அந்தத் தோல் அப்படியே உள்வாங்கிக்கொள்ளும். உடம்புச் சூட்டை இறக்க அதற்குத் தெரிந்த முதல் வழி தண்ணீரிலோ சேற்றிலோ படுத்துக்கொள்வதுதான். மேலே பூசிய சேறு காய்ந்தபின் ஈயும் உண்ணியும் அண்டாமல் காக்கும். எருமை சேற்றில் புரள்வது அழுக்கின் மேல் ஆசையால் அல்ல, உயிர் காக்கும் வேலை. வெயிலில் கட்டிப்போட்ட எருமைக்குத் தீவனம் இறங்காது, பால் வற்றும், பருவம் தப்பும். மதியம் இரண்டு மணி நேரம் குளத்தில் கிடந்துவிட்டால் சாயங்காலக் கறவை தானாகக் கூடும் என்பது எருமை வைத்திருந்த எந்தக் குடும்பத்துக்கும் தெரிந்த கணக்கு.

காட்டில் வாழ்ந்த காலத்திலிருந்தே அது அப்படித்தான். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கொடைக்கானல் தெருவில் காட்டெருமை வந்தது என்று செய்தித்தாள்கள் எழுதுவது எருமையை அல்ல, காட்டுமாட்டை. அது பசுவுக்குத்தான் நெருங்கிய சொந்தம். எருமைக்குத் தூரத்து உறவு. உண்மையான காட்டு எருமையைப் பார்க்க வேண்டுமானால் அசாமுக்குப் போக வேண்டும். காசிரங்காவிலும் மானஸிலும் ஆளுயரப் புல்லும் சதுப்பும் ஆறும் ஒன்றாகச் சேரும் இடங்களில் அது மேய்கிறது. எடை ஆயிரம் கிலோவைத் தாண்டும். மாட்டுக் குடும்பத்தில் அதன் கொம்பை விட அகலமான கொம்பு வேறு எதற்கும் இல்லை. புலியே யோசித்துத்தான் நெருங்கும்.

அவ்வளவு வலிய விலங்கு உலகம் முழுவதும் நாலாயிரத்துக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. அதில் மிகப் பெரும்பங்கு அசாமில். நேபாளத்தின் கோசி டப்பு, சத்தீஸ்கரின் பஸ்தர் காடுகள், தாய்லாந்து, கம்போடியா, பூடான் ஆகிய இடங்களில் சிறு சிறு கூட்டங்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1986 முதல் இதை அருகிவரும் இனமாக வைத்திருக்கிறது. சத்தீஸ்கரின் மாநில விலங்கு இதுதான். அங்கே கூட்டம் கரைந்து போனதால் 2020-லும் 2023-லும் மானஸிலிருந்து காட்டு எருமைகளை லாரியில் ஏற்றி, பார்னவாபாரா சரணாலயத்துக்குக் கொண்டுசென்றார்கள். வேட்டையை விட, வெள்ளத்தை விட, காட்டு எருமைக்குப் பெரிய ஆபத்து அதன் வளர்ப்பு உறவுதான். காட்டோரம் மேயும் வீட்டெருமையோடு கலந்து கலந்து காட்டு இனத்தின் தனி மரபே மங்குகிறது. மேய்ச்சலுக்கு வரும் மந்தையோடு நோயும் உள்ளே வருகிறது.

இந்தக் காட்டு எருமையைத்தான் சுமார் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் மனிதன் வீட்டுக்குப் பழக்கினான். சிந்துவெளி முத்திரைகளில் பின்வளைந்த நெடுங்கொம்போடு எருமை நிற்கிறது. தென்கிழக்கு ஆசியாவில் தனியாக இன்னொரு முறை பழக்கப்பட்டது. நம்முடையது ஆற்றெருமை, அங்கே இருப்பது சதுப்பெருமை. முன்னதற்கு 50 குரோமோசோம், பின்னதற்கு 48. நம்முடையது பாலுக்குப் பேர்போனது, அவர்களுடையது உழவுக்கு. பசுவோடு எருமை கலந்து கன்று ஈனுவதில்லை. பசுவின் குரோமோசோம் 60.

புதுக்கோட்டைக்கு இந்த விலங்கு பொருந்திய அளவுக்கு வேறு கறவை எதுவும் பொருந்தியிருக்காது. வற்றாத ஆறு இல்லாத மாவட்டம். வெள்ளாற்றில் மழைக்காலத்தில் மட்டும் நீர் ஓடும். அதை ஈடுகட்ட முன்னோர் வெட்டியவை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களும் கண்மாய்களும் ஊருணிகளும். கண்மாய் நீரில் நெல், நெல் அறுத்தபின் வைக்கோல், வைக்கோலைத் தின்ன எருமை, எருமைக்குப் படுக்கக் கண்மாய். பச்சைப்புல் இல்லாத கோடையிலும் முரட்டுத் தட்டையையும் காய்ந்த கூளத்தையும் செரித்துப் பாலாக்கும் வயிறு எருமைக்கு உண்டு. பசு ஒதுக்கும் தீவனத்தில் அது உடம்பு தேற்றிக்கொள்ளும். சேற்றுழவுக்கு எருமைக்கடா. எரு வயலுக்கு. முதுகில் உண்ணி பொறுக்கக் கரிச்சானும் கொக்கும்.

இந்தச் சங்கிலி ஒரே நாளில் அறுந்துவிடவில்லை. டிராக்டர் வந்ததும் கடாவுக்கு வேலை போயிற்று. கடாக்கன்று பிறந்தால் வீட்டுக்குச் சுமை என்றாயிற்று. அறுவடை எந்திரம் வயலிலேயே வைக்கோலைச் சிதைத்துவிட, மிஞ்சியது கட்டாகக் கட்டப்பட்டு விலைப்பொருளானது. மேய்ச்சல் புறம்போக்கிலும் வனத்துறை நிலத்திலும் தைல மரம் வந்தது. மாவட்டம் முழுக்கத் தைல மரக் காடுகளை எதிர்த்து விவசாயிகள் நீதிமன்றம் வரை போன கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த மரத்தடியில் புல் முளைப்பதில்லை. கண்மாய்க்குள்ளே சீமைக்கருவேலம் புகுந்தது. முள் நிறைந்த, மண்மேடு தட்டிய, ஐப்பசியில் மட்டும் நனையும் கண்மாயில் எருமை எங்கே படுக்கும்?

அதே சமயத்தில் அரசின் கவனம் முழுக்கக் கலப்பினப் பசுவின் மேல் இருந்தது. சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு ஃபிரீசியன் என்று இனவிருத்திக் கொள்கை வகுக்கப்பட்டது. சினை ஊசி ஊர்தோறும் போயிற்று. இந்த முறைக்குப் பசு எளிதில் ஒத்துழைத்தது. பருவத்துக்கு வந்த பசு கத்தி ஊரைக் கூட்டும். எருமையோ பெரும்பாலும் சத்தமே காட்டாது. கோடையில் அதன் பருவ அறிகுறி இன்னும் மங்கலாகிவிடும். ஊசி போட ஆள் வருவதற்குள் நாள் கடந்திருக்கும். முன்பு மந்தையில் ஒரு பொலிகடா இருந்தது. அதற்கு இந்தக் கணக்கெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மந்தை கலைந்தபோது கடாவும் போயிற்று. பத்து மாதத்துக்கும் மேல் சினை, ஈத்துக்கும் ஈத்துக்கும் நீண்ட இடைவெளி, தாமதமாகப் பருவமடையும் கிடேரி என எருமையின் நிதானமான இயல்புகள் எல்லாம் கடன் வாங்கி மாடு வளர்ப்பவருக்கு எதிராகத் திரும்பின. வங்கித் தவணை மாதா மாதம் வரும். எருமை தன் காலத்தில்தான் ஈனும்.

இத்தனைக்கும் பாலில் எருமையை மிஞ்ச ஆளில்லை. பசும்பாலில் கொழுப்பு நான்கு விழுக்காடு என்றால் எருமைப் பாலில் ஏழு, எட்டு. பசும்பாலில் தெரியும் மஞ்சள் சாயல் இதில் இல்லாததற்குக் காரணம், தீவனத்தின் மஞ்சள் நிறமியை எருமை உடம்பே வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவது. கொழுப்புக்கும் இதர சத்துக்கும் ஏற்பத்தான் கூட்டுறவுச் சங்கங்கள் விலை போடுகின்றன. 2022 நவம்பரில் ஆவின் கொள்முதல் விலையைக் கூட்டியபோது பசும்பாலுக்கு லிட்டர் 35 ரூபாய், எருமைப் பாலுக்கு 44 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். 2023 டிசம்பரில் இரண்டுக்கும் மூன்று ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. லிட்டருக்கு ஒன்பது ரூபாய் கூடுதல் என்பது சின்ன விஷயமல்ல. ஆனால் கலப்பினப் பசு கறக்கும் லிட்டர் கணக்குக்கு முன்னால், உள்ளூர் எருமை ஒரு வேளைக்கு இறக்கும் ஓரிரு லிட்டர் எடுபடவில்லை. விலை சரியாக இருந்தாலும் அளவு தோற்றது.

நாட்டு இனம் என்ற சொல்லுக்கு 2017 ஜனவரியில் தமிழகத்தில் புது உயிர் வந்தது. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் தொடங்கி எல்லா ஊரிலும் இளைஞர்கள் திரண்டார்கள். புதுக்கோட்டைக்கு அந்தப் பெருமையில் தனி இடமுண்டு. ஆண்டின் முதல் வாடிவாசல் பெரும்பாலும் இந்த மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில்தான் திறக்கிறது. 2019 ஜனவரியில் விராலிமலையில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டு உலக சாதனை பதிவானது. காளைக்கு நீச்சல் பயிற்சி, பேரீச்சம்பழம், பருத்திக்கொட்டை எனக் குடும்பமே உழைக்கிறது. அந்த அன்பு பாராட்டத்தக்கது. ஆனால் நாட்டுமாட்டைக் காப்போம் என்று எழுந்த அத்தனை குரல்களில் எருமைக்காக ஒன்றுகூடக் கேட்கவில்லை. எருமையும் நாட்டு இனம்தானே? கர்நாடகக் கடற்கரையில் கம்பளாவில் ஓடுவது எருமைகள்தான். 2023 மே மாதம் ஜல்லிக்கட்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட அதே தீர்ப்பில்தான் கம்பளாவுக்கும் அனுமதி கிடைத்தது. அங்கே எருமைக்கு வீட்டில் மரியாதை, களத்தில் கூட்டம். இங்கே மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசக்கூட எருமையைக் காணோம்.

ஏ2 பால் என்று லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கும் நகரத்துக் குடும்பங்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எருமைப் பாலின் பீட்டா கேசின் புரதம் இயல்பிலேயே ஏ2 வகை. 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த முத்திரையைப் பாக்கெட்டிலிருந்து நீக்கச் சொல்லிச் சில நாளிலேயே அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. உடலுக்கு அது தரும் தனிப் பயன் பற்றி அறிவியல் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அதற்காகவே பணம் கொடுப்பவர்கள், பக்கத்துத் தெருவில் பாதி விலைக்குக் கிடைத்த எருமைப் பாலை நாற்பது ஆண்டுகளாக ஒதுக்கி வந்திருக்கிறார்கள்.

எருமையைக் கைவிடாத தமிழ்ப் பகுதிகளும் இருக்கின்றன. நீலகிரியில் தோடர்களுக்கு எருமை பால் தரும் விலங்கு மட்டுமல்ல. அவர்கள் கோயிலே ஒரு பால்மனைதான். அங்கே பூசாரி செய்யும் முதன்மையான சடங்கு பால் கறந்து மோர் கடைவது. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் பழுப்பு நிறத்துச் சிற்றுருவ எருமைகள் காட்டுப் பட்டிகளில் அடைகின்றன. தோடா எருமையும் பர்கூர் எருமையும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பில் பெயரோடு பதிவான இனங்கள். பதிவுச் சான்று மட்டும் காப்பாற்றிவிடாது என்பதற்கும் பர்கூரே சாட்சி. 2022 மார்ச்சில் காட்டு மேய்ச்சலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த தடை, பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருங்கியது. 2024-இல் பர்கூர்க் காடே சரணாலயமாக அறிவிக்கப்பட, பட்டிக்காரர்களின் கவலை மறுபடி தொடங்கியது.

கடல் தாண்டி மட்டக்களப்புக்குப் போனால் எருமைத் தயிர் மண்சட்டியில் விற்பனைக்கு அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. சட்டியைச் சாய்த்தாலும் சரியாத கெட்டித் தயிர். கித்துள் பனைப் பாகு ஊற்றி உண்பார்கள். கிழக்கிலங்கையின் குளங்களும் வயல்களும் நம் புதுக்கோட்டைக் கண்மாய் நிலத்துக்கு அண்ணன் தம்பி முறை. அங்கே அந்தச் சட்டிக்குக் கொழும்பு வரை கிராக்கி இருக்கிறது. எருமை வைத்திருப்பவர் அதனால் பிழைக்கிறார். தண்ணீர், எருமை, சந்தை மூன்றும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அங்குள்ள வேறுபாடு. இத்தாலியின் கம்பானியாவில் எருமைப் பாலில் மொசரெல்லா பாலாடைக்கட்டி செய்வோர் பிழைப்பதும் இப்படித்தான்.

உக்ரைனில் நடந்தது இன்னும் சுவையானது. டான்யூப் ஆற்றுக் கழிமுகத்திலுள்ள எர்மாகோவ் தீவில் சோவியத் காலத்தில் கட்டிய கரைகளை உடைத்து வெள்ளத்தை மறுபடி உள்ளே விட்டார்கள். நாணல் மண்டி மூடிய அந்தச் சதுப்பைத் திறக்க எந்த எந்திரத்தையும் அவர்கள் தேடவில்லை. 2019-இல் எருமைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். எருமை நாணலை மேய்ந்தது. புரண்ட இடமெல்லாம் பள்ளமாகி நீர் தேங்கியது. அந்தத் தேக்கத்தில் தவளையும் பூச்சியும் பறவையும் வந்து சேர்ந்தன. எல்லா மண்ணுக்கும் இது பொருந்தாது. எருமையே இல்லாத ஆஸ்திரேலியாவின் வட பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுபோய் விட்ட எருமைகள் காட்டில் பெருகி, நன்னீர்ச் சதுப்புகளின் கரையை உடைத்து உப்புநீரை உள்ளே விட்டன. பிறகு அவற்றைப் பெருமளவில் சுட்டுக் குறைக்க வேண்டியிருந்தது. எருமை அதன் சொந்த ஊரில் இருந்தால் குளத்துக்கு வைத்தியர். புதுக்கோட்டை அதன் சொந்த ஊர்.

2018 நவம்பரில் கஜா புயல் இந்த மாவட்டத்தின் தென்னையையும் மாட்டையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. அடுத்த கோடையில் கொத்தமங்கலம், கீரமங்கலம் பகுதி இளைஞர்கள் கையிலிருந்த காசைப் போட்டுக் குளங்களைத் தூர்வாரினார்கள். கருவேலத்தை வேரோடு பிடுங்கினார்கள், வரத்து வாய்க்காலைத் திறந்தார்கள். நீர் நின்றது. அந்தக் குளங்களில் கரையோரமாக ஒரு சிறு பகுதியைச் சரிவாக விட்டு, மாடிறங்கும் துறையாக வைப்பதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. பழைய குளங்கள் எல்லாவற்றிலும் அப்படி ஒரு துறை இருந்தது. நான்கு பக்கமும் கல் பதித்துச் செங்குத்தாகக் கரை கட்டும் இன்றைய பழக்கம் குளத்தை மாட்டிடமிருந்து பிரித்துவிடுகிறது.

செய்ய வேண்டிய இன்னொரு வேலை ஆய்வாளர்களுடையது. 2024 அக்டோபரில் தொடங்கிய 21-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் எண்ணிக்கையோடு இனத்தின் பெயரையும் குறித்தார்கள். புதுக்கோட்டைப் பக்கத்து உள்ளூர் எருமைக்கு அந்தப் பட்டியலில் பெயர் இல்லை. தோடாவாகவோ பர்கூராகவோ முர்ராவாகவோ இல்லாததெல்லாம் இனம் பிரித்தறியப்படாத எருமை என்ற ஒரே கட்டத்துக்குள் போய்விடும். இனம் பிரித்தறியாததை முர்ரா ஊசி போட்டு உயர்த்த வேண்டும் என்பதே நடைமுறைக் கொள்கை. ஹரியானாவின் முர்ரா அதிகம் கறக்கும். அதற்கேற்ற தீவனமும் நிழலும் கேட்கும். கூளம் தின்று, கண்மாயில் கிடந்து, இந்த வெயிலைத் தாங்கிய உள்ளூர் எருமை என்ன கொம்பு, என்ன எடை, எத்தனை ஈத்து, எவ்வளவு கொழுப்பு என்று அளந்து பதிவதற்கு முன்பே கலந்து கரைந்துவிடும் நிலையில் இருக்கிறது. மாவட்ட எல்லைக்கு அப்பால் ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பர்கூர் எருமைக்குச் செய்தது போல, அறந்தாங்கி முதல் இலுப்பூர் வரை மிச்சமிருக்கும் எருமைகளை ஊர் ஊராகப் போய் அளந்து பார்க்க அங்கிருந்து அதிக தூரமில்லை. தனி இனம் என்று தெரியவந்தால் அதன் பொலிகடாக்களை மாவட்டக் கால்நடைப் பண்ணையில் வளர்க்கலாம். ஐந்தாறு எருமை சேர்ந்த ஊருக்கு ஒரு கடா என்று பழைய முறையில் விடலாம். தனி இனம் இல்லை என்று தெரிந்தாலும் இழப்பு ஒன்றுமில்லை. இங்கே எத்தனை எருமை, எந்தக் கண்மாய்க் கரையில், யார் வீட்டில் நிற்கிறது என்ற கணக்காவது கையில் இருக்கும்.